அங்கோருக்கு 3 நாள்: எந்த வரிசையில் பார்ப்பது?

பயணப்பை
வணக்கம். பிப்ரவரி முதல் பாதியில் கம்போடியா, சியெம் ரீப்பில் 3 முழு நாள். நாங்கள் நால்வர், அப்பா 66, அம்மா 61. அம்மாவுக்குப் படி ஏறினால் முழங்கால் வலி. எல்லோரும் சைவம். அங்கோர் வாட் தவிர வேறு என்ன பார்ப்பது, எந்த நாளில் எது? டிக்கெட் ஒரு நாளைக்கா, மூன்று நாளைக்கா? "அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன்" என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையா என்றும் யாராவது சொல்லுங்கள்.

கல்தச்சன்
மூன்று நாள் டிக்கெட்தான், யோசிக்கவே வேண்டாம். ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. 2017 பிப்ரவரியில் வந்த விலை இது. மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, 10 நாளுக்குள் ஏதாவது மூன்று நாள். 12 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். டிக்கெட்டில் உங்கள் படம் இருக்கும், அதனால் கைமாற்ற முடியாது. கோயிலுக்குக் கோயில் கேட்பார்கள், பையின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

டிக்கெட் அலுவலகம் கோயில்களுக்குப் போகும் பாதையிலேயே இல்லை. ஊரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டரில் தனியாக இருக்கிறது. இது தெரியாமல் அதிகாலை 5 மணிக்கு நேரே அங்கோர் வாட்டுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், சூரிய உதயமும் போய்விடும். முதல் நாள் மாலை 5 மணிக்கு மேல் வாங்கினால் டிக்கெட் மறுநாளிலிருந்துதான் கணக்கு, அந்த மாலையே உள்ளே போய் அஸ்தமனமும் பார்த்துவிடலாம். 5.30க்கு அலுவலகம் மூடிவிடும், எனவே கையில் அரை மணி நேரம்தான். இணையத்திலும் அதிகாரப்பூர்வமாகவே வாங்கலாம்.

இனி வரிசை. எல்லோரும் முதல் நாள் காலையிலேயே அங்கோர் வாட்டைப் பார்த்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் பார்ப்பதெல்லாம் சின்னதாகத் தெரியும். என் ஆலோசனை: கட்டிய வரிசையிலேயே பாருங்கள். ஊருக்குக் கிழக்கே 13 கிலோமீட்டரில் ரொலுவோஸ். அங்கே ப்ரே கோ 879, பாகோங் 881. இரண்டும் முதலாம் இந்திரவர்மன் கட்டியவை. ப்ரே கோ செங்கல் கோபுரங்கள், மேலே சுதை வேலை, எதிரே மூன்று நந்திகள். பாகோங் ஐந்து அடுக்கு மலை போல எழும்பி, சுற்றி அகழியோடு நிற்கும். அங்கோர் வாட்டின் கரு அதுதான். மேரு மலை, சுற்றிலும் கடல் என்ற அந்த வடிவம் 881இல் கல்லில் வந்துவிட்டது. அதை வளர்த்து, ஐந்து கோபுரமாக்கி, சுற்று மண்டபங்கள் சேர்த்து, மேற்கே திருப்பி வைக்க இன்னும் 230 வருஷம் பிடித்தது. இந்த வளர்ச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு அங்கோர் வாட்டின் முன்னால் போய் நின்றால்தான் அது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று புரியும்.

சியெம்ரீப்வாசி
//கட்டிய வரிசையிலேயே பாருங்கள்//

படிப்பதற்கு அந்த வரிசை சரி, உடம்புக்குச் சரிவராது கல்தச்சன். பிப்ரவரியில் பகல் 11 மணிக்கே 32, 33 டிகிரி வந்துவிடும், கல் சூட்டை வாங்கித் திருப்பி அடிக்கும். பெரியவர்களோடு வருபவர்கள் வெளிச்சத்தையும் வெயிலையும் வைத்துத்தான் வரிசை போட வேண்டும்.

கணக்கு இப்படி. காலை 5 முதல் 10.30 வரை வெளியே. 11 முதல் 2.30 வரை விடுதியில் ஓய்வு. அதன் பிறகு மாலை வரை. இந்த இடைவேளையை விட்டவர்கள் இரண்டாம் நாளே படுத்துவிடுவார்கள். அங்கோர் வாட் ஊரிலிருந்து 6 கிலோமீட்டர்தான், வந்துபோவது கஷ்டமில்லை.

இங்கே இரண்டு சுற்று சொல்வார்கள். சின்ன சுற்று 17 கிலோமீட்டர்: அங்கோர் வாட், அங்கோர் தோம் (மதில் சூழ்ந்த பழைய தலைநகர்), தா ப்ரோம். பெரிய சுற்று 26 கிலோமீட்டர்: ப்ரே கான், நியாக் பியான், கிழக்கு மெபோன், ப்ரே ரூப். துக்துக் நாள் முழுக்க 15 முதல் 20 டாலர் கேட்பார்கள், உதயத்துக்குக் கிளம்பினால் கொஞ்சம் கூடுதல். நால்வருக்குத் துக்துக்கில் இடம் இருக்கும். ஆனால் பந்தேய் ஸ்ரேய் 37 கிலோமீட்டர், செம்மண் தூசி. அன்றைக்கு மட்டும் கார் வைத்துக்கொள்ளுங்கள்.

துக்துக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைக்க ஒன்று உண்டு. ப்ரே கான், தா ப்ரோம் இரண்டும் நீளமான கோயில்கள். ஒரு வாசலில் இறங்கி எதிர் வாசலில் ஏறினால் பாதி நடை மிச்சம். சொல்லாவிட்டால் இறக்கிய இடத்திலேயே நிற்பார், அம்மாவுக்கு அதே கல் மேடுகளில் இன்னொரு முறை ஏறி இறங்க வேண்டிவரும்.

மணற்கல்
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கோர் வாட்டின் உள்ளே என்ன பார்ப்பது என்பதை யாரும் தொடவில்லை. பெரும்பாலானவர்கள் வடக்குக் குளத்தில் (நுழைந்தபின் இடது கைப்பக்கம்) கோபுர நிழலைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சொத்து முழுக்கச் சுவரில் இருக்கிறது.

வெளிச் சுற்று மண்டபம் 215 மீட்டருக்கு 187 மீட்டர். நான்கு பக்கமும் புடைப்புச் சிற்பம். கோயில் மேற்கு பார்த்தது, எனவே நுழைந்ததும் வலது பக்கம் திரும்புங்கள், அதாவது அப்பிரதட்சிணமாக. கதைகளே அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. மேற்கு வாசலும் இடச்சுற்றும் ஈமச் சடங்கோடு சேர்ந்தவை என்பதால் இது, இதைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் நினைவுக் கோயிலாகவும் நினைக்கப்பட்டது என்று அறிஞர்கள் சொல்வார்கள். அவன் இறந்த பின் வழங்கிய பெயரும் பரமவிஷ்ணுலோகன்.

முதலில் குருக்ஷேத்திரம். இரண்டு பக்கமிருந்தும் படை வரிசையாக வந்து நடுவில் மோதி உடையும், பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடப்பார். மூலை திரும்பினால் தெற்குச் சுவரில் சூரியவர்மனின் படை ஊர்வலம். யானை மேல் நிற்கும் ஒவ்வொரு தலைவனுக்கும் எத்தனை குடை என்று எண்ணிக்கொண்டே வாருங்கள், அரசனைத் தானாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கொஞ்சம் தள்ளி சியாம் (தாய்லாந்து) வீரர்கள் வருவார்கள், அவர்கள் உடையும் நடையும் மற்றவர்களைப் போல ஒழுங்காக இருக்காது. அடுத்து 37 சொர்க்கம், 32 நரகம்.

பிறகு கிழக்குச் சுவர், தெற்குப் பாதி. பாற்கடல் கடைதல், 49 மீட்டர் நீளம். இடது பக்கம் 92 அசுரர், வலது பக்கம் 88 தேவர், நடுவில் விஷ்ணு. எல்லோரும் மேலேயே பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து அடிவரிசையைப் பாருங்கள். ஓரத்தில் மீனும் முதலையும் முழுசாக நீந்தும். மந்தர மலையை நெருங்க நெருங்கச் சுழல் இழுத்து, மத்துக்குப் பக்கத்தில் மீன்கள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கும். கடல் எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்பதைச் சிற்பி மீனை வைத்துச் சொல்லியிருக்கிறான். காலைச் சூரியன் இந்தப் பக்கம் அடிக்கும், அதனால் உதயம் முடிந்து கூட்டம் சாப்பிடப் போகும்போது நேரே இங்கே வந்துவிடுங்கள்.

வடக்குச் சுவரின் கிழக்குப் பாதியில் வேலை தட்டையாகத் தெரியும். அது 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிச் சேர்த்தது, வேகமாகக் கடந்துவிடலாம். கடைசியாக மேற்குச் சுவரின் வடக்குப் பாதி, இலங்கைப் போர். அனுமன் தோளில் ராமன், எதிரே இருபது கை ராவணன். அதற்கு மாலை வெளிச்சம் நல்லது.

சுவரைத் தொடாதீர்கள். கை பட்டுப் பட்டு சில இடங்கள் கருத்துப் பளபளக்கின்றன, அது அழகு இல்லை, தேய்மானம்.

பயணப்பை
மிக்க நன்றி. நடுக்கோபுரத்தில் ஏற முடியுமா? அம்மா ஏற மாட்டார், அப்பாவுக்கு ஆசை.

சியெம்ரீப்வாசி
மூன்றாம் தளத்துக்குப் பெயர் பாக்கான். பழைய கல்படிக்கு மேல் மரப்படி போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். ஒரு சமயத்தில் 100 பேர், 12 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. தோளும் முட்டியும் மூடிய உடை கட்டாயம். மேலே சால்வை போர்த்திக்கொண்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கை வைத்த சட்டையே வேண்டும். வரிசை 7.40க்குத் திறக்கும், பாற்கடலை முடித்துவிட்டு உடனே போய் நின்றால் காத்திருப்பு குறைவு. அந்த நேரத்தில் அம்மா இரண்டாம் தள நிழலில் உட்காரலாம்.

அஸ்தமனத்துக்கு எல்லோரும் நொம் பாக்கெங் மலைக்கு ஓடுவார்கள். மேலே 300 பேர்தான், பருவத்தில் 4 மணிக்கே வரிசை. ப்ரே ரூப்பும் இரவு 7 வரை திறந்திருக்கும். 961இல் ராஜேந்திரவர்மன் கட்டியது, செங்கல்லும் செம்புறாங்கல்லும் மாலை வெயிலில் தணல் மாதிரி நிற்கும். படி அங்கேயும் செங்குத்துதான், அம்மா கீழே இருந்தே பார்க்கலாம், அதிலும் குறைவில்லை.

ஏட்டுச்சுவடி
தமிழ் மன்னன் கேள்விக்கு வருகிறேன். இந்தச் செய்தி வருஷத்துக்கு நாலு தடவை வரும். உண்மை இல்லை.

அங்கோர் வாட்டைக் கட்டியவன் கெமர் (கம்போடிய) அரசன் இரண்டாம் சூரியவர்மன், 1113இல் பட்டத்துக்கு வந்தவன். அப்போது சோழ நாட்டில் முதலாம் குலோத்துங்கன். அங்கோரின் அரச கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும் இருக்கின்றன. "வர்மன்" என்று முடிவதால் பல்லவன் என்பதும், ராஜேந்திரவர்மன் என்ற பெயரைப் பார்த்து ராஜேந்திர சோழன் என்பதும் பெயர் மயக்கம். ராஜேந்திரவர்மன் 944இல் ஆளத் தொடங்கினான், ராஜேந்திர சோழன் பட்டம் ஏறியதற்கு எழுபது வருஷம் முன்னால்.

ஆனால் உண்மையான தொடர்புகள் இருக்கின்றன, அவை இந்தப் பொய்யைவிட எவ்வளவோ அழகானவை. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. காம்போஜ (கம்போடிய) அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்புக் கேட்டதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அவன் முதலாம் சூரியவர்மன் என்று கொள்வார்கள். காம்போஜ அரசன் அனுப்பிய ஒரு கல்லைக் குலோத்துங்கன் காலத்தில் சிதம்பரம் கோயிலில் பதித்ததை 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. சூரியவர்மன் பட்டத்துக்கு வந்த மறு வருஷம்!

இன்னொன்று. பந்தேய் ஸ்ரேய் போகிறீர்கள் அல்லவா? அங்கே கிழக்கு வாயிலின் முக்கோண முகப்பில் பத்துக் கையோடு சிவன் ஆடுவார். அவர் காலடியில், ஓரமாக, எலும்பு துருத்தி, மார்பு வற்றிய ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காரைக்கால் அம்மையார். "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று அவர் பாடிய பேய் உருவம் அப்படியே, 967இல், கம்போடியச் சிவப்புக் கல்லில். நிறையப் பேர் அண்ணாந்து சிவனை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டியவர் அரசனும் இல்லை, யக்ஞவராகர் என்ற அரச குரு. சின்ன கோயில், ஆனால் உளி வேலையில் அங்கோரில் இதற்கு இணை இல்லை என்பேன். 1923இல் ஆந்த்ரே மால்ரோ இங்கிருந்த தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். பின்னாளில் பிரான்ஸின் கலாசார அமைச்சரானவரும் அவர்தான். 1931 முதல் 1936 வரை பிரெஞ்சுக்காரர்கள் விழுந்த கல்லை எல்லாம் அடையாளம் கண்டு, பழைய இடத்திலேயே அடுக்கி நிறுத்தினார்கள். அங்கோரில் அந்த முறையில் முதலில் எழுந்தது இதுதான்.

ஏரிக்கரை
நல்ல விவாதம். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன், அது இல்லாமல் அங்கோர் இல்லை.

இங்கே "பாராய்" என்பார்கள். நம் ஊர் ஏரி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: தோண்டியதல்ல, நாலு பக்கமும் கரை எழுப்பித் தண்ணீரைத் தரைமட்டத்துக்கு மேலே நிறுத்தியது. ஆனால் அளவு வேறு. கிழக்கு பாராய் 7.5 கிலோமீட்டருக்கு 1.8, மேற்கு பாராய் சுமார் 8 கிலோமீட்டருக்கு 2. கிழக்கு பாராய் இன்று வறண்டு வயலாகிவிட்டது. நடுவே தீவாக இருந்த கிழக்கு மெபோனில் போய் இறங்கினால் நாலு பக்கமும் படித்துறை தெரியும், எதிரே நெல் வயல். படகு வந்து நின்ற படியில் நின்றுகொண்டு வயலைப் பார்க்கலாம். மூலைகளில் ஒற்றைக் கல் யானைகளும் உண்டு. ஏறவும் அதிகம் இல்லை, அம்மாவுக்குப் பொருத்தமான இடம்.

அங்கோர் வாட் அகழியும் அழகுக்கு மட்டும் வெட்டியதில்லை. 190 மீட்டர் அகலம். கோயில் நிற்பது மணல் மேல். மணல் ஈரமாக இருந்தால் எடையைத் தாங்கும், காய்ந்தால் நகரும். அகழி அடிநிலத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சியெம் ரீப்பில் விடுதிகள் பெருகி ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சுவது இந்தக் கோயில்களுக்கே ஆபத்து என்று கவலைப்படுவது இதனால்தான்.

நகரம் விழுந்த கதையிலும் தண்ணீர் இருக்கிறது. 1431இல் சியாமின் அயுத்தயா அரசுப் படை வந்து பிடித்தது என்று மட்டும் வழிகாட்டிகள் சொல்வார்கள். மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் 14ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து நீண்ட வறட்சிகளும், இடையிடையே பேய் மழையும் வந்ததைக் கண்டார்கள். வறட்சிக்காகக் குறுக்கி மாற்றிய வாய்க்கால் வெள்ளத்தைத் தாங்காமல் மணல் மூடிப்போனது. படையெடுப்பு வருவதற்கு முன்பே நகரத்தின் நரம்பு அறுந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சாலையோரத்து மண்மேடு ஒவ்வொன்றும் கரையாகத் தெரியும்.

கல்தச்சன்
ஏரிக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அங்கோர் வாட் கற்களில் விரல் நுழையும் அளவு துளைகள் வரிசையாக இருக்கும். ரத்தினம் பதித்தது, குண்டு பாய்ந்தது என்றெல்லாம் சொல்வார்கள். பெரும்பாலானவை மரமுளை அடித்துக் கயிறு கட்டிக் கல்லைத் தூக்க இட்டவை. கல் குலென் மலைப் பக்கமிருந்து, 35 கிலோமீட்டருக்கு மேல், வாய்க்கால் வழியாகத் தெப்பத்தில் வந்தது.

மண்டபங்கள் ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்றும் தோன்றும். வளைவு கட்டும் முறையை அவர்கள் கையாளவில்லை, இரு பக்கக் கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கி உச்சியில் சேர்த்தார்கள். அப்படி அடுக்கினால் அகலம் கிடைக்காது, ஒரு கல் நழுவினால் வரிசையே சரியும். தா ப்ரோமில் மரவேர் கூரையைப் பிளந்தது இந்தப் பலவீனத்தில் புகுந்துதான். அங்கே 2000களின் தொடக்கத்திலிருந்து நம் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்பு செய்கிறது. மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டால் வேர் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து நிறுத்துவது சாதாரண வேலை இல்லை. அந்தக் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளே வசித்தவர்கள் 12,640 என்று இருக்கிறது. மரத்தை மட்டும் பார்க்காமல், இது ஓர் ஊராக இருந்தது என்று நினைத்துக்கொண்டு நடங்கள். ஏழாம் ஜெயவர்மன் தாய்க்காகக் கட்டியது. ஐந்து வருஷம் கழித்து, 1191இல், தந்தைக்காக ப்ரே கான். நாடு முழுக்க 102 மருத்துவமனை வைத்தவனும் அவன்.

சியெம்ரீப்வாசி சொன்ன வெயில் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ரொலுவோஸை மட்டும் விட்டுவிடாதீர்கள், வந்து இறங்கும் நாளோ மூன்றாம் நாள் மாலையோ பாகோங்கையாவது சேருங்கள்.

சியெம்ரீப்வாசி
சரி, அப்படியே சேர்த்துவிடலாம். பயணப்பை, உங்களுக்கான திட்டம்:

வந்து இறங்கும் நாள் மாலை டிக்கெட். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பாங்காக்கிலிருந்து பேருந்தில் வரும் யோசனை இருந்தால் விடுங்கள். 2025இல் எல்லைச் சண்டையில் தரைவழி மூடப்பட்டது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

முதல் நாள் 4.45க்குக் கிளம்பி அங்கோர் வாட். பிப்ரவரியில் உதயம் 6.20, 6.30 வாக்கில். பாற்கடல், பாக்கான், 10 மணிக்கு விடுதி. மாலை 3 மணிக்கு அங்கோர் தோம் தெற்கு வாசல், 54 தேவர் 54 அசுரர் நாகத்தை இழுக்கும் பாலம், பிறகு உள்ளே நடுவிலுள்ள பாயோன் கோயில். அங்கே வெளிச்சுவரில் சந்தை, சமையல், சேவல் சண்டை, ஏரியில் அண்டை நாடான சம்பாவின் படையோடு படகுப் போர்.

இரண்டாம் நாள் காரில் பந்தேய் ஸ்ரேய். 7.30க்கே போய்விட்டால் காலை வெயிலில் கல் ரோஜா நிறத்தில் இருக்கும், பேருந்துக் கூட்டமும் வந்திருக்காது. திரும்பும் வழியில் கிழக்கு மெபோன். மாலை ப்ரே ரூப்.

மூன்றாம் நாள் தா ப்ரோம் 7.30க்கு, அதன் பின் ப்ரே கான். மாலை பாகோங்.

சாப்பாடு: காய்கறிக் குழம்பு என்று சொன்னாலும் மீன் சாறும் ப்ரஹோக் என்ற மீன் ஊறலும் சேரும். "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, காலைக்குப் பழமும் ரொட்டியும் விடுதியில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

பணம்: டாலர் ஓடும், ஆனால் ஓரத்தில் நூலளவு கிழிந்த நோட்டைக்கூட வாங்க மாட்டார்கள். நம் ஊரில் மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, 1, 5, 10 நோட்டுகளாக வாங்குங்கள். சில்லறை ரியெலில் வரும், 4,000 ரியெல் சுமார் ஒரு டாலர்.

பயணப்பை
பிப்ரவரியில் முதல் நாளைப் பௌர்ணமியாக வைத்துக்கொள்ளலாமா? நிலவும் கிடைக்குமே.

மணற்கல்
வேண்டாம். பாக்கான் பௌத்தர்களின் விரத நாளில் மூடியிருக்கும். மாதத்தில் நான்கு நாள்: அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி. தினசரிக் காலண்டரில் பார்த்தாலே தெரிந்துவிடும், அவர்கள் கணக்கில் ஒரு நாள் முன்பின் வரலாம். அந்த நாளில் பந்தேய் ஸ்ரேய் போய்விட்டு, அங்கோர் வாட்டை அதற்கு இரண்டு நாள் தள்ளி வையுங்கள். அப்பா ஏறிவிடுவார்.